டெலியா துலக்காத டாலர்

ஓடிப்போனாளாம்! யார் சொன்னது, நோனி காஃப்னியா? அறுபத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை, முட்டி இரண்டும் நொந்தவள், எங்கே ஓடுவாள்? டெலியா ஹானிஃபன் நடந்துதான் போனாள். பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, தொப்பி வைத்துக்கொண்டு போனாள். அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று நான் பார்த்தேன். போனதும் இரண்டு தெரு கீழே, அவ்வளவுதான். காசு வந்ததும் அண்ணனை அம்போவென்று விட்டுவிட்டாள் என்று பியூட் ஊர் முழுக்கப் பேசுகிறது. பேசட்டும். நடந்தது எனக்குத் தெரியும்.

அண்ணன் மார்ட்டியைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். தாமிரச் சுரங்கத்தில் உழைத்தவன், நன்றாகப் பாடுவான், தங்கை மேல் கைநீட்டியதில்லை. ஆனால் சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்தவனும் இல்லை. அம்மா இறந்துபோனபோது டெலியா சின்னப் பெண். அன்று கரண்டியைப் பிடித்தவள் விடவே இல்லை. சுரங்கம் மூடிய பிறகு அவன் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, "டீ ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

விடியற்காலையில் டெலியா கிழவர் பெராலாவின் கடைக்குப் போய்ப் பாஸ்டி செய்வாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடுவது. இந்த ஊர் ஆண்கள் அதைத் தின்றுதான் பூமிக்குள் இறங்கினார்கள். போன வருடம் பெராலா கடையை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார்.

"வேற எவனாவது அதை வாங்கி முடிவெட்டுற கடை ஆக்கிடுவான்டி," என்று என் சமையலறையில் உட்கார்ந்து டெலியா கண்ணைத் துடைத்தாள். "அந்த அடுப்பு என் பேச்சைக் கேக்கும். வேற யார் பேச்சையும் கேக்காது."

"நீயே வாங்கிடேன்," என்றேன்.

"எதை வச்சு? என் அழகை வச்சா?"

இனி டாலருக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் காகிதப் பணத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். கூலியும் வெள்ளி, குடியும் வெள்ளி. அந்தக் கனத்தில் கால்சட்டையில் முதலில் கிழிவது பைதான். குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் தகப்பன் வங்கிக்குப் போய், யார் கையும் படாத ஒரு வெள்ளி டாலரைக் கேட்டு வாங்கி வருவான். அது குழந்தையின் அதிர்ஷ்டம், செலவழிக்கக் கூடாது. புனித பேட்ரிக் திருநாளுக்கு முந்தின நாள் பெண்கள் எல்லாரும் அதை வெளியே எடுத்து, சமையல் சோடா போட்டுத் தேய்த்து, அலமாரி மேல் நிறுத்தி வைப்போம். யார் டாலர் அதிகம் மின்னுகிறதோ அவள்தான் வீட்டைப் பார்க்கத் தெரிந்தவள். என் டாலரில் பொட்டு அழுக்கு இருக்காது. தேய்த்துத் தேய்த்து அதில் பொறித்திருந்த பெண் உருவத்தின் தலைமுடியும் வழுவழுவென்று ஆகிவிட்டது, அது வேறு விஷயம்.

டெலியாவின் அம்மாவுக்கு மட்டும் வேறு எண்ணம். விரல் பட்டால் அதிர்ஷ்டம் ஒட்டிக்கொண்டு போய்விடும் என்பாள். ஞானஸ்நானம் முடிந்து கோயிலிலிருந்து வந்த கையோடு டாலரைப் பழுப்பு உறையில் போட்டு, சுவரில் மாட்டியிருந்த திருஇருதயப் படத்தின் பின்னால் செருகிவிட்டாள். டெலியாவும் தொட மாட்டாள். திருநாள் அன்று உறையைக் கைக்குட்டை மேல் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, அப்படியே உள்ளே தள்ளிவிடுவாள். வருடம் போகப்போக அது புறாக் கழுத்து மாதிரி நீலமும் ரோஜாவுமாகக் கறுத்துக்கொண்டே வந்தது. "ஹானிஃபன் வீட்டுல டாலர் கூடக் குளிக்காது," என்று நோனி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த வசந்தத்தில் பழைய நாணயம் ஏலம் விடும் கம்பெனிக்காரர் ஒருவர் எங்கள் கோயில் மண்டபத்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. அவர் வந்த அன்று காலை ஊரில் ஒரு கடையிலும் சமையல் சோடா கிடைக்கவில்லை. மார்ட்டியும் ஒரு தட்டில் சோடாவைக் குழைத்து வைத்துக்கொண்டு நின்றான். நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

"கொடுடி, தேச்சுத் தர்றேன். இப்படிக் கறுப்பா கொண்டுபோனா அந்த ஆள் சிரிப்பான்."

"உன் தட்டையே ஒரு நாள் தேச்சதில்ல. என் டாலரைத் தேய்க்க வந்துட்டியா?"

"வீட்டு மானத்துக்குச் சொல்றேன்!"

"மானம் பாத்திரத் தொட்டியில கிடக்குது. போய்க் கழுவு."

அவன் படத்தை நோக்கிக் கை நீட்டினான். டெலியா அதற்குள் படத்தைச் சட்டத்தோடு கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். ஏதோ ஊர்வலம் என்று நினைத்து ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

மண்டபத்தில் என் முறை முதலில் வந்தது. ஏலக்காரர் வெண்டெல் ஸ்ட்ராட் ஒல்லியான மனிதர், வாயில் எதையோ மென்றுகொண்டே இருந்தார். "அம்மா, இதை யாராவது தேய்ச்சாங்களா?" என்றார்.

"யாராவதா? நானேதான், கல்யாணம் ஆனதுலேருந்து!"

சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, வெள்ளியின் விலைதான் தேறும் என்றார். நோனிக்கும் அதே பதில். "இவ்வளவு பளபளன்னு இருக்குதேய்யா!" என்று அவள் சண்டைக்குப் போனாள்.

"அதுதான் அம்மா பிரச்சினை."

பிறகு டெலியா படத்தைத் திருப்பி, உறையைக் கவிழ்த்தாள். மனிதர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். டாலரின் விளிம்பை மட்டும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுபதுக்கு மார்க் போட்டா இதுக்கு அறுபத்தேழு கிடைக்கும். ஒரு வீடே வாங்கலாம்."

நோனி குதித்தாள். "என்னதும் அதே வருஷம்! அதே வங்கி, அதே சாக்கு!"

"அந்தச் சாக்குதான் அம்மா எதிரி. ஆயிரம் டாலரை ஒண்ணாப் போட்டுத் தூக்கி எறிவாங்க. ஒண்ணோட ஒண்ணு மோதி அந்தப் பொண்ணு கன்னமெல்லாம் கீறல். பெரிய யுத்தத்தப்போ கோடிக்கணக்குல உருக்கிட்டாங்க. தப்பிச்சது உங்க ஆம்பளைங்க பையில தேஞ்சுது. அதுலயும் தப்பிச்சதுக்கு நீங்க சோடா போட்டு மேல்தோலை உரிச்சிட்டீங்க. கன்னமும் தோலும் கெடாம, இதுல பொறிச்சிருக்கிற வருஷத்து டாலர் விரல்விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இருக்கும்."

"இருந்தாலும் ஒரு டாலருக்கு வீடா?"

"இருக்கறதுலயே நல்லது தனக்கு வேணும்னு நினைக்கிற பணக்காரங்க ரெண்டு பேர் போதும். அப்புறம் வெள்ளிக்கா விலை? பிடிவாதத்துக்குத்தான் விலை."

அப்படியே ஆயிற்று. ஏலத்தன்று டெலியாவும் மார்ட்டியும் என் வீட்டுத் தொலைபேசியருகே உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தோராயிரம் டாலர் என்று செய்தி வந்தது. துள்ளி எழுந்த மார்ட்டி நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே திரும்ப உட்கார்ந்து தரையில் விழுந்தான்.

"நமக்குப் பணம் வந்துடுச்சு! படகு வாங்கலாம், மீன் பிடிக்கலாம்..."

"உனக்கும் ஒரு டாலர் வாங்கினாங்களே, மார்ட்டி. அது எங்க?"

"பத்தொம்பது வயசுல குடிச்சேன்."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப சரி. உன்னோடதை நீ அனுபவிச்சிட்ட."

இருந்தாலும் அவனுக்குப் புது கணப்பு அடுப்பு வாங்கி வைத்தாள். குளிர்காலம் முழுவதற்கும் விறகு சொல்லிவிட்டாள். அதை எந்த வாயும் பேசுவதில்லை. மீதியில் பெராலாவின் கடையையும் அதன் மாடி அறையையும் வாங்கினாள்.

போகிற அன்று பெட்டியோடு வாசலில் நின்றாள். மார்ட்டி சட்டைப் பித்தானைப் போட்டபடி ஓடி வந்தான்.

"ராத்திரிக்கு நான் என்ன சாப்பிடறது?"

"கடைக்கு வா. வரிசையில நில்லு."

"அண்ணனுக்கு இலவசம்தானே?"

"தட்டு கழுவினா இலவசம்."

அவள் கதவைத் திறந்து தெருச் சரிவில் இறங்கினாள். அவன் படியில் நின்று, தெருவே கேட்கும்படி கத்தினான்: "எத்தனை தட்டு?"

டெலியா திரும்பாமலே கையை உயர்த்திக் காட்டினாள். எத்தனை விரல் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மார்ட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அநியாயம்!" என்றான்.