தம்பியின் வலது கை

நரம்புப் பரிசோதனைக் கூடத்தில் நான் டெக்னீசியன். புதுச்சேரியில் ஒரே ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக இதே வேலை. டாக்டர் அனுப்பும் நோயாளியைப் படுக்க வைத்து, கையிலோ காலிலோ சின்னத் தகடுகளை ஒட்டி, நரம்பு ஓடும் இடத்தில் லேசாக மின்சாரம் கொடுப்பேன். நரம்பு உயிரோடிருந்தால் திரையில் ஓர் அலை எழும். செத்திருந்தால் கோடு நேராகப் போகும். அளந்து டாக்டரிடம் கொடுத்தால் என் வேலை முடிந்தது. என்ன வந்தது என்று நோயாளியிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொல்லியதும் இல்லை.

ஆனால் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதில் ஆள் உள்ளே வரும்போதே பாதி தெரிந்துவிடும். மீன் நறுக்கும் அம்மா ஒருத்தி கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போகிறது என்பாள். மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு நசுங்கியிருக்கும். சுண்டுவிரல் மரத்துப்போனால், முழங்கையை இடித்துக்கொள்ளும்போது சுரீர் என்கிறதே, அந்த நரம்பு. பாதத்தைத் தூக்க முடியாமல் தட்டுத் தட்டென்று வைத்து நடந்து வந்தால், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பைச் சுற்றிப் போகிற நரம்பு. எது எந்தத் தசையை அசைக்கிறது, எந்த அளவு தோலுக்கு உணர்ச்சி தருகிறது என்பதெல்லாம் எனக்கு எங்கள் தெருவின் வீடுகள் மாதிரி மனப்பாடம். அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் நின்றது என் தம்பி விஷயத்தில்தான்.

தம்பி புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லேத் ஓட்டினான். வீடு ரெட்டியார்பாளையத்தில். மனைவி, அப்போது மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. மூன்று வருடத்துக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து பைக்கில் வரும்போது விழுப்புரம் ரோட்டில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக் போட்டதில் வண்டி சறுக்கி, அவன் தூக்கி எறியப்பட்டு, வலது தோள் ரோட்டு நடுவே இருக்கும் சிமெண்ட் கட்டையில் மோதியது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது.

நான் கேஷுவாலிட்டிக்கு ஓடினபோது நினைவோடுதான் இருந்தான்.

"யக்கா, கைய எதுக்கு கட்டி வச்சிருக்காங்க? அவுக்கச் சொல்லு."

யாரும் கட்டவில்லை. கை அவன் பக்கத்தில் படுக்கையின்மேல் சும்மா கிடந்தது. நான் சுண்டுவிரலைக் கிள்ளினேன். கட்டைவிரலைக் கிள்ளினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கிள்ளுவது அவனுக்குத் தெரியவில்லை.

பிறகுதான் அவன் கண்ணைக் கவனித்தேன். வலது இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கத்துக் கருவிழிக்குள் இருக்கும் துளை இடது பக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. "வீங்கியிருக்குதுபோல அண்ணி" என்றாள் தம்பி மனைவி. நான் தலையாட்டினேன். அது வீக்கம் இல்லை. கைக்கு வரும் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்களாகக் கிளம்புகின்றன. காறை எலும்புக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னி, பிரிந்து, தோளைத் தூக்க, முழங்கையை மடக்க, மணிக்கட்டை நிமிர்த்த, விரலை மூட என்று கைக்குள் இறங்குகின்றன. கடைசி வேரோடு சேர்ந்து கண்ணுக்குப் போகும் மெல்லிய இழைகளும் வெளியே வருகின்றன. இமை தாழ்ந்தால் அந்த வேர் தண்டுவடத்துக்குப் பக்கத்திலேயே அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். இதைப் பல நோயாளிகளின் சீட்டில் படித்திருக்கிறேன். அவன் முகத்தில் பார்த்தபோது, தப்பாகப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பரிசோதனை செய்யலாம் என்றார் எங்கள் டாக்டர். அறுந்த நரம்புகூட முதல் சில நாள் மின்சாரத்துக்குப் பதில் சொல்லும். முழுதாகச் செத்த பிறகுதான் உண்மை தெரியும். அதனால் காத்திருந்தோம்.

இரண்டாவது வாரம் வலி ஆரம்பித்தது. தொட்டால் தெரியாத அதே கையில்.

"எரியுதுக்கா. வெரல எல்லாம் இடுக்கியில வச்சு நசுக்கற மாதிரி இருக்குது. உணர்ச்சியே இல்லன்னா அப்புறம் எப்படிக்கா எரியும்?"

மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கம்தான் வந்தது. ஒரு நாள் மத்தியானம் நான் போனபோது, தம்பி பின்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கி ஒரு பக்கெட் தண்ணீரில் முழங்கை வரை விட்டிருந்தான். ஐஸ் மிதந்தது. "ஜில்லுனு இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டது. அவன் பக்கெட்டையே பார்த்தான்.

"ஐஸ் கரையறது கண்ணுக்குத் தெரியுது" என்றான்.

அவன் மனைவி வீராம்பட்டினத்துப் பெண். "எங்க ஊரு அம்மனுக்கு முடி எறக்கறேன்னு வேண்டிக்கினேன் அண்ணி. நீங்க பெரிய டாக்டருங்களோட வேல செய்றீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கை வந்துரும் இல்ல?" என்று கேட்டாள். டெஸ்ட் எடுத்தால் தெரியும் என்றேன்.

பரிசோதனை நாளன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேற டெக்னீசியன வரச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார். நான்தான் பண்ணணும்னு அவன் சொல்றான்" என்றேன். அது உண்மை. வேறு யார் கையிலும் அவனை விட எனக்கும் மனம் வரவில்லை.

முதலில் தசைக்குப் போகும் நரம்புகள். கட்டைவிரல் அடியில் தகடு ஒட்டி மணிக்கட்டில் மின்சாரம் கொடுத்தேன். கோடு நேராகப் போனது. கூட்டினேன். நேராகவே போனது. சுண்டுவிரல் பக்கம், முன்கை, புஜம், எல்லா இடத்திலும் அப்படித்தான். தம்பி தலையைத் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அடுத்தது உணர்ச்சி நரம்பு. ஆள்காட்டி விரலில் வளையம் மாட்டி மணிக்கட்டில் மின்சாரம் கொடுத்தேன்.

அலை எழுந்தது. அழகான, உயரமான அலை. அவனுடைய நல்ல கையில் வந்த அதே அளவு.

"யக்கா! வருது பாரு! யக்கா, வருதுக்கா!"

வெளியே பெஞ்சில் இருந்த மனைவியைக் கத்திக் கூப்பிட்டான். அவள் கதவைத் திறந்து ஓடிவந்தாள். "இங்க பாருடி, கை உசுரோட இருக்குது" என்றான். அவள் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சுண்டுவிரலுக்கு வளையத்தை மாற்றினேன். அங்கேயும் வந்தது. அளவைக் குறித்துக்கொண்டேன்.

உணர்ச்சி நரம்பின் உயிர் தண்டுவடத்துக்குள் இல்லை. தண்டுவடத்துக்குச் சற்று வெளியே ஒரு சின்ன முடிச்சில் இருக்கிறது. வழியில் எங்காவது நரம்பு அறுந்திருந்தால் அந்த முடிச்சிலிருந்து பிரிந்து செத்துப்போகும், அலை வராது. அப்படி அறுந்ததைத் தைக்கலாம். கையில் துளி உணர்ச்சியும் இல்லாமல், அலை மட்டும் நன்றாக வந்தால், அறுந்தது முடிச்சுக்கும் உள்ளே, தண்டுவடத்தை ஒட்டி. வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. முடிச்சோடு நரம்பு உயிரோடு இருக்கும், மின்சாரத்துக்குப் பதிலும் சொல்லும், ஆனால் அந்தச் செய்தி உள்ளே போய்ச் சேராது. அதைத் தைக்க யாராலும் ஆகாது. இந்த உணர்ச்சி நரம்பிலும் கோடு நேராகப் போயிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"நல்லா வருதுல்லக்கா?"

"ம்" என்றேன்.

ஸ்கேன் எடுத்து, டாக்டர் அவர்களைக் கூப்பிட்டுப் பேச நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அந்த வீடு சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் நாள் தம்பி மனைவி கேசரி கிளறி டப்பாவில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தாள். அவனும் கூட வந்தான், கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு. எனக்கு முன்னால் தட்டில் வைத்தார்கள். நான் சாப்பிட்டேன்.

டாக்டர் சொன்ன அன்று மாலை தனியாக வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அஞ்சு வேரும் பேத்துக்கிச்சாம். அலை வந்ததே அதனாலதானாம். ஒனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கேசரி துன்ன?"

சொல்ல அனுமதி இல்லை என்ற விதி நாக்கு நுனி வரை வந்தது. அதை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் அவன் என்னோடு பேசவில்லை. அவன் மனைவிதான் போன் செய்வாள். வலி எப்படி என்று கேட்பேன். வலி அப்படியேதான் இருக்கிறது என்பாள்.

சென்னையில் ஆபரேஷன் செய்யலாம், ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவள் வற்புறுத்தியதால் நானும் போனேன். அங்கே சர்ஜன் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவே மூச்சுக்காக ஓடும் நரம்புகளில் மூன்றை எடுத்து, முழங்கையை மடக்கும் தசையில் இணைப்பார்கள். தோளைக் குலுக்கும் நரம்பில் ஒரு கிளையைத் தோள்பட்டைக்குக் கொடுப்பார்கள்.

"வெரலுக்கு?" என்று தம்பி கேட்டான்.

"அதுக்குக் குடுக்க உங்க உடம்புல மிச்ச நரம்பு இல்லப்பா."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். வேறு வழி ஏதாவது எனக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல. நான் தாளில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

ஒன்பது மணி நேர ஆபரேஷன். அதற்குப் பிறகும் காத்திருப்புதான். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வளரும். அவசரப்படுத்த மருந்து கிடையாது. மாதாமாதம் அவன் புஜத்தைத் தொட்டுப் பார்ப்பேன்; தொளதொளவென்று இருக்கும். ஏழாவது மாதத்தில் அவன் ஒரு தும்மல் போட்டபோது புஜத்தில் ஏதோ துள்ளியதாக மனைவி போன் செய்தாள். ஓடிப்போய் விரல் வைத்து, "மூச்ச நல்லா இழுடா" என்றேன். என் விரலுக்கு அடியில் தசை லேசாக எழுந்தது. மூச்சை விட்டதும் அடங்கியது. அவன் சிரிக்கவில்லை. "நெசமாத்தான?" என்றான். ஆமாம் என்றேன். இரண்டு மூன்று முறை கேட்டான்.

இப்போது முழங்கையை மடக்குகிறான். மூச்சை இழுக்காமலே மடக்கப் பழகிவிட்டான். மகளின் ஸ்கூல் பையை அந்த மடிப்பில் மாட்டிக்கொண்டு நடப்பான். கம்பெனியில் லேத்திலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் வரவில்லை. வரவும் வராது.

போன வாரம் வந்தான். வலது சுண்டுவிரலும் பக்கத்து விரலும் வெந்து கொப்புளம் உடைந்திருந்தன. பைக்கைத் தள்ளும்போது சைலன்சரில் கை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நாற்றம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தானாம். நான் அவன் கையை என் மடியில் வைத்து, செத்த தோலைக் கத்தரித்து எடுத்து மருந்து போட்டேன். வேறு யாராக இருந்தாலும் துடித்திருப்பார்கள். அவன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டு கட்டி முடிக்கும்போது திரும்பினான்.

"ரொம்ப சுட்டுருக்குதாக்கா?"

"ஆமாண்டா. ஆழமாத்தான் சுட்டுருக்குது" என்றேன்.