எஞ்சினை அணைத்த பிறகும்

டி.வி.யில் பூகம்பம் காட்டினால் எழுந்து போய்விடுவேன். ஜப்பான், நேபாளம், துருக்கி, எதையும் பார்த்ததில்லை. சுனாமி வந்தபோது ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. நான் மாட்டுக் கொட்டகையில் இருந்தேன். நேரில் ஒன்றைப் பார்த்தது போதும்.

இரண்டாயிரத்து ஒன்றில் குஜராத்தில் கட்ச் பக்கம் வேலை. ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடும் லாரியை எங்கள் மல்லசமுத்திரம் பக்கம் ரிக் என்போம். நான் அதில் டிரில்லர். சம்சாரத்தின் தம்பியும் அதே வண்டியில் இருந்தான். அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். "தம்பியைப் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அன்று குடியரசு தினம். காலைக் குளிர் விடவில்லை. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். போர் போடச் சொன்ன விவசாயி தன் வீட்டுக்குள் படுக்க இடம் கொடுத்திருந்தார். கல் வீடு. ரிக்கிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டுக்காரர்கள் எருமைகளோடு வெளியே இருந்தார்கள்.

ரிக் ஓடினால் தரை அதிரும். சோற்றுத் தட்டு ஆடும், படுத்தால் முதுகு ஆடும். எங்களுக்கு அது பழக்கம். அன்று கொஞ்சம் கூடுதலாக அதிர்ந்தது. துளை போடும் ராடு பாறையில் சிக்கிவிட்டது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை போர்வையோடு வாசலுக்கு ஓடி வந்தான்.

"மாமா, என்னங்க இப்படி ஆடுது?"

"நம்ம ரிக்குதான் மாப்ள. ராடு சிக்கிருச்சு. போய்ப் படு."

"ஊட்டுச் செவுரே ஆடுதுங்க!"

"காச்சக்காரனுக்கு எல்லாந்தான் ஆடும். உள்ள போடா."

சிரித்தான். உள்ளே போனான்.

எஞ்சினை அணைத்தேன். சத்தம் நின்றது. தரை நிற்கவில்லை.

கீழேயிருந்து உறுமல் வந்தது. ஜாக்கியில் நின்ற லாரி குதித்தது. "வெளிய வாடா" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வீடு சாயவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. பிறகு புழுதி.

கல்லைக் கையால் பொறுக்கினோம். எந்தப் பக்கம் தோண்டுவது என்று தெரியவில்லை. தப்பான கல்லை எடுத்தால் மிச்சமும் அவன் மேல் இறங்கும். கூப்பிட்டோம். பதில் இல்லை. அவன் அக்காவிடம் என்ன சொல்வேன் என்பதே மண்டைக்குள் ஓடியது. உள்ளே போகச் சொன்னவன் நான்.

ராடில் கை வைத்தால் அடியில் மண்ணா, பாறையா, தண்ணீரா என்று கைக்குத் தெரியும். என் பிழைப்பே அதுதான். கடப்பாரையை எடுத்து இடுக்கில் மெதுவாக விட்டேன். ஸ்பேனரால் மூன்று தட்டு. உள்ளங்கையை வைத்தேன். ஒன்றும் இல்லை. அடுத்த இடுக்கு. அங்கும் இல்லை. மூன்றாவதில் ஏதோ வந்தது. அதே நேரம் தரை மறுபடி ஆடியது. கூட இருந்தவர்கள் ஓடினார்கள். நான் கையை எடுக்கவில்லை. தட்டியது அவனா தரையா தெரியவில்லை. நின்றதும் மறுபடி மூன்று தட்டினேன்.

மூன்று திரும்பி வந்தது.

"இங்கதான்! ராடைக் கொண்டாங்கடா!"

ராடைக் கொடுத்து ஆறு பேர் நெம்பினோம். உத்தரம் எழும்பியது. உச்சி வெயிலில் அவனை இழுத்து எடுத்தோம். இடது கால் நசுங்கியிருந்தது. முகமெல்லாம் சுண்ணாம்பு. கண்ணைத் திறந்தான்.

"ரிக்கை நிறுத்திட்டீங்களா மாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் லாரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

டாக்டர்கள் காலை எடுக்கவில்லை. ஆனால் சாய்த்துத்தான் நடக்கிறான். 'உள்ள போடா' என்று நான் சொன்னதை அவன் இதுவரை அக்காவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் போர் போட்டார்கள். எங்கள் வீட்டுச் சுவர் லேசாக அதிர்ந்தது. விருந்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை தட்டை வைத்துவிட்டு வெளியே போனான்.

"ரிக்குதானே, சோத்த உண்டுட்டுப் போ சாமி" என்று அவன் அக்கா கூப்பிட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். கை கழுவாமல் எழுந்தேன். அவளையும் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

"உங்க ரெண்டு பேத்துக்கும் என்னங்க கோளாறு?" என்றாள்.

அந்த ரிக் நிற்கும்வரை மூன்று பேரும் வேப்பமரத்தடியில் நின்றோம். அங்கே வைத்து அவளிடம் சொன்னேன்.