தலை எண்ணியவர்

மும்பையிலிருந்து போன இத்தாலிச் சுற்றுலாவில் எங்களோடு வந்த செம்பூர்க்காரர் அவர். அறுபது வயதிருக்கும். வெயிலிலும் கழற்றாத மங்கி குல்லா, இடுப்பில் பாஸ்போர்ட் பை. பஸ் கிளம்பும்போது வழிகாட்டிப் பெண் தலை எண்ணி முடிப்பதற்குள் இவர் கையை உயர்த்தி, "ஃபுல்! சலோ!" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

அன்று போனது மலையுச்சியில் ஒரு பழைய ஊர். கோட்டைச் சுவர், கல் பாவிய செங்குத்தான சந்துகள். திரும்பி வந்து பஸ்ஸில் ஏறியதும் என் பத்து வயது மகளைத் தேடினேன்.

"பின்னாடி பசங்களோட உக்காந்திருக்கா, நான் பார்த்தேனே. நீங்க உக்காருங்கோம்மா" என்றார் அவர்.

உட்கார்ந்துவிட்டேன். வழக்கம்போல அவர் கையை உயர்த்த, பஸ் கிளம்பியது.

மூன்றாவது வளைவில், வாந்தி வராமலிருக்க மாத்திரை கொடுக்கலாமென்று பின்னால் போனேன். அவள் இல்லை.

நான் போட்ட கூச்சலில் பஸ் திரும்பியது. கோட்டை வாசலில் அழக்கூடத் தோன்றாமல் நின்றிருந்தாள்.

"பார்த்தேன்னு சொன்னேளே, மாமா?"

"அதான் கிடைச்சுட்டாளே! கீழே ஹோட்டல்ல நம்ம டூர் சமையல்காரர் வெச்ச ரசம் ஆறிண்டிருக்கு. லேட்டாறதேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு கையை உயர்த்தினார். "ஃபுல்! சலோ!"

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் மகளின் மணிக்கட்டைப் பிடித்து என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

மாட்டுங்காவில் காய்கறி வாங்கும்போதுகூட இன்னும் அவள் மணிக்கட்டை நான் விடுவதில்லை. "வலிக்கறதும்மா" என்கிறாள். பார்க்காத குழந்தையைப் பார்த்தேன் என்று சொல்ல அந்த மனிதருக்கு எப்படித்தான் வாய் வந்ததோ?