முதல் அறையில் நின்றவன்

பரண்மேல் பழைய துணி சுற்றிக் கிடக்கிற கறுப்புப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். போடலாம். அது ஓடி வெகுகாலம் ஆகிறது. ஆனால் இன்னது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

அது ஒரு கம்ப்யூட்டர். உங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, பாரிசில் இருந்த அவருடைய சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தது. டிவியோடு சொருகி, டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால் கொஞ்ச நேரம் கொசு மாதிரி கத்தும். பிறகு விளையாட்டு வரும். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் கொசுவிலிருந்து தொடங்க வேண்டும். எண்பதுகளில் கரண்ட் நடுவில்தான் போகும்.

உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர்களை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த வகையில் மாமாவுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. "கிளம்பி வா, வேலை நான் பாத்து வைக்கிறேன்" என்று சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. தாத்தா மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார். ஒரு கால் சரியில்லை. அங்கே குளிரும் என்றார். அதோடு அந்த ஊரை அவர் ஏற்கனவே பார்த்தாயிற்று.

ஆக, தாத்தாவை விட்டுவிட்டு மாமா போவாரா மாட்டாரா என்பதுதான் வீட்டில் இருந்த ஒரே பேச்சு. மாமா மட்டும் அதைப் பேச மாட்டார். கேசட்டைப் போடுவார்.

நானும் மாமாவும் மில்லில் ஒரே ஷிப்ட். சங்கு ஊதி வெளியே வந்தால் நேராக டிவி முன்னால்தான். விளையாட்டு இதுதான். ஒரு ராக்கெட். அதற்குள் ஒருவன் தூங்கி எழுந்திருக்கிறான். அறையில் படிப்படியாகப் பலகைகள், உச்சியில் ஒரு கதவு. கீழே தரையில் ஒரு தகடு. தகட்டின் மேல் நின்றால் கதவு திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். மூலையில் பீரோ மாதிரி ஒன்று. அதற்குள் இவன் போனால் அச்சு அசலாக இரண்டு பேராக வெளியே வருவான். ஒருவனைத் தகட்டில் நிற்க வைத்துவிட்டு இன்னொருவனைப் பலகை பலகையாகத் தாவ வைத்துக் கதவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் நாளே கதவுக்குப் போய்விட்டோம். கதவு திறந்திருந்தது. மாமா ஜாய்ஸ்டிக்கை நிறுத்திவிட்டார்.

"இவன் போயிட்டா கீழ நிக்கிறவன யாரு மாப்ள மாத்துவா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மில்லில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சங்கு ஊதினாலும் மெஷினை விட்டு நகரக்கூடாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மெஷின்மேல் கை வைக்க வேண்டும். அவன் வைத்த பிறகுதான் நம் கையை எடுக்கலாம். மாற்று ஆள் வராமல் மாமா ஒருமுறை அடுத்த ஷிப்டும் சேர்த்து நின்றிருக்கிறார். அப்படிப்பட்டவர் பொம்மையை மட்டும் விட்டுவிட்டுப் போவாரா?

அதனால் மாற்று ஆளைத் தேடினோம். அதுதான் விளையாட்டு என்றே நினைத்துக்கொண்டோம். பீரோவுக்குள் திரும்பவும் போய்ப் பார்த்தோம், அது இன்னொருவனைத் தரவில்லை. எல்லாப் பலகையிலும் ஏறி எல்லாச் சுவரிலும் முட்டினோம். மழைக்காலம் முடிந்து பொங்கல் வந்தது. நாங்கள் முதல் அறையில் இருந்தோம்.

"ஒரே ஒரு ரூமுக்கா உங்க சித்தப்பா இத பாரிசிலேந்து தூக்கினு வந்தாரு?" என்றேன்.

"வெளிநாட்டு சாமான் மாப்ள. ஆழமா இருக்கும்" என்றார் மாமா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா தாத்தாவுக்கு மீன்குழம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். பெரியவள் அப்போது இடுப்பில். கொஞ்சநேரம் நின்று பார்த்தாள்.

"கதவுதான் தொறந்திருக்கே. ஏண்ணா போவமாட்ற?"

"கீழ ஆள் நிக்குதில்ல?"

"நிக்கட்டும். அதுக்குத்தான் நிக்கிது."

"மாத்து ஆள் வரல."

"கால் வலிக்குதுன்னு உங்கிட்ட சொன்னானா?" என்றவள், குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினாள். ஒரே தாவு. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டாவது அறை இருந்தது.

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "அவன் அங்கயே கெடக்கறதா அப்ப?"

அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா நாற்காலியிலிருந்து சொன்னார்: "டேய், நான் ஒண்ணும் கதவப் புடிச்சினு நிக்கல."

"அலே, அலே" என்றார் தாத்தா. பட்டாளத்தில் நடக்கச் சொல்கிற சொல். பேப்பரைத் திருப்பினார்.

அதன் பிறகு மளமளவென்று போனது. பார்த்தால் அது ரொம்பச் சின்ன விளையாட்டு. கரண்ட் இருந்தால் அரைமணிகூட ஆகாது. கரண்ட்தான் அத்தனை நேரம் நிற்காது. ஒவ்வொரு அறை முடிந்ததும் பிரெஞ்சில் ஒரு கேள்வி வரும். மாமா படித்துச் சொல்வார்.

"'நீ இங்கே இருக்கிறாய் என்று உனக்கு எப்படித் தெரியும்'னு கேக்குது."

"மில் கேட்ல டோக்கன் போட்டுட்டுத்தானே உள்ள வந்தோம்னு சொல்லு மச்சான்."

"'போனவன் நீயா, நின்றவன் நீயா'ங்குது."

பதிலுக்கு நிற்காமல் மாமா அடுத்த அறைக்குப் போனார். கடைசி அறை மட்டும் பாக்கி இருந்தபோது அவர் கிளம்புகிற நாள் வந்துவிட்டது.

சென்னைக்குப் போகிற டாக்சி வாசலில் ஹாரன் அடிக்கிறது. பெட்டியெல்லாம் ஏற்றியாயிற்று. மாமா தாத்தாவின் நாற்காலி முதுகில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். கூப்பிட்டால் "ம்" என்கிறார், நகரவில்லை. விமானம் போய்விடும் என்று நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மாமாவின் கைக்குப் பக்கத்தில் நாற்காலிமேல் தன் கையை வைத்தாள்.

"ம், எடு" என்றாள்.

மாமா கையை எடுத்துக்கொண்டு வெளியே போய் டாக்சியில் ஏறினார். திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கதவுக் கண்ணாடியில் வெயில்.

கறுப்புப் பெட்டியை எனக்கு விட்டுப் போனார். கடைசி அறையை நான்தான் முடித்தேன். முடித்ததும் ராக்கெட் பூமியில் இறங்கும் என்று பார்த்தால், அது இல்லை. மறுபடி முதல் அறை வந்தது. தகட்டில் அவன் நிற்கிறான். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஜாய்ஸ்டிக்கை ஆட்டினேன். அவன் நடந்தான்.

அடுத்த ஞாயிறு மாமா தெருமுனை மருந்துக் கடைக்கு போன் போட்டார். கடைப் பையன் வந்து சொல்ல, ஓடினேன். பாரிசிலிருந்து பேசுகிறவர் முதலில் கேட்டது: "மாப்ள, முடிச்சியா?"

"முடிச்சேன். மொத ரூம்ல நின்னவன் இப்ப நடக்கறான்."

"எறங்கிட்டானா? மேல கதவு?"

"தொறந்தேதான் இருக்கு மச்சான்."

அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து ரிசீவரை வாங்கியது. தாத்தா. கால் சரியில்லாதவர், தெரு முழுக்கக் கம்பை ஊன்றிக்கொண்டு தனியாக நடந்து வந்திருந்தார்.

"குளிருதா?" என்று கேட்டார். கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நான்தான் சொன்னேன்ல" என்று வைத்துவிட்டார்.