ஆளில்லாத தீவில் ஒருவர்

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் அக்காவுக்கு வாய் ஓயாது. "தீவுல ஆளே கிடையாது சார், அலைச் சத்தம் மட்டும்தான். போனா திரும்பி வர மனசே வராது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிடுவாள். ஆனால் அவள் அங்கே கால் வைத்ததே இல்லை. படகில் ஏறினாலே அவளுக்குக் குடலைப் புரட்டும். படகோட்டும் கணவரும், "உனக்கு எதுக்கு அந்த வம்பு?" என்று தட்டிக்கழித்துவிடுவார்.

புதிதாகக் கல்யாணமான மகளும் மருமகனும் விடுமுறைக்கு வந்தார்கள். "நீங்களும் வாங்க அத்தை" என்று மருமகன் ஒற்றைக்காலில் நின்றதால் மறுக்க முடியவில்லை. கணவரின் முகம்தான் ஏனோ செத்துப்போயிற்று.

தீவில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பாள். தாழம்புதருக்குப் பின்னாலிருந்து நரைத்த தாடிக்காரர் ஒருவர் வந்து கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"மாப்ளே, அரிசி கொண்டு வந்தீங்களா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குரல்! அப்பாவின் படகைப் பாறையில் மோதி உடைத்துவிட்டு, "என் முகத்துல முழிக்காதே" என்று அப்பா சொன்ன ஒரு சொல்லுக்காக வீட்டைவிட்டுப் போன அண்ணன். ஏதோ வெளிநாட்டில் இருக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்கள்.

அவரும் அவளைப் பார்த்துவிட்டு அப்படியே கல்லாய் நின்றார். அவள் தொப்பென்று மணலில் உட்கார்ந்தாள். மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"இவர் இங்க லைட்ஹவுஸ்ல வேலைக்கு வந்ததுலேருந்தே தெரியும். சொன்னா வேற எங்கயாவது போயிடுவேன்னுட்டார்."

"அப்பா செத்து நான் விழுந்து புரண்டு அழுதப்பவும் தெரியும்?"



"அவரைத் திட்டாதேம்மா, நான்தான் சத்தியம் வாங்கினேன்" என்றார் அண்ணன். "வர்றவங்க எல்லாம் டிக்கெட் அக்கா அப்படிச் சொன்னாங்க, இப்படிச் சொன்னாங்கன்னு பேசிட்டுப் போவாங்க. அதைக் கேட்டா உன்னைப் பார்த்த மாதிரி இருக்கும்."

அவள் எழுந்து அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். பிறகு அந்த நெஞ்சிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அண்ணன் தாடியை மழித்து, தேய்த்த சட்டையோடு வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று பரிமாறினாள். கணவருக்கு மட்டும் தட்டு ணங்கென்று விழுந்தது.

"மாமாவை மன்னிச்சிட்டே. அப்பாவை மட்டும் ஏம்மா மன்னிக்கலே?" என்றாள் மகள்.

"உங்க மாமா எங்கயோ இருந்தார். இவர் தினமும் என் பக்கத்துலதானே படுத்திருந்தார்!"