முற்றத்தின் மேல் போட்ட தகரம்

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அதில் ஒன்று நாத்தனார் விட்டுப் போனது. அதையும் பெற்ற கணக்கில்தான் வைத்திருக்கிறேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. என் எழுத்து கோணலாக வரும். ஆனால் வரும்.

சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு நெய்வேலி ஓரத்தில் எங்களுக்கு வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒரு கூடம், ஒரு அறை, நடுவில் வானம் பார்த்த முற்றம். வரைந்தவர் பட்டணத்துக் கட்டடக்கலைஞர். சாவி கொடுத்த அன்று மைக்கைப் பிடித்து, "உங்க பாரம்பரியத்தை உங்களுக்கே திருப்பிக் கொடுத்திருக்கேன்" என்றார். எங்கள் ஊரில் முற்றம் வைத்த வீடு ஒன்றே ஒன்று, பெரிய நிலக்காரர் வீடு. அதைப் பெருக்கத்தான் நான் உள்ளே போயிருக்கிறேன்.

இளைய மகனுக்குக் கல்யாணம் ஆனதும் படுக்க இடமில்லை. மாட்டை விற்று முற்றத்தின் மேல் தகரம் போட்டேன். மகனும் மருமகளும் அதன் கீழே குடித்தனம் வைத்தார்கள். பார்த்துவிட்டு வரிசையில் பாதிப் பேர் போட்டார்கள்.

போன வருஷம் அந்த வீடுகளுக்குத் தேசிய விருது வரலாம், நடுவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். அதற்கு முன்னாலேயே கட்டடக்கலைஞர் வந்து என் வாசலில் நின்றார்.

"பாட்டி, ஒரு நாளைக்கு மட்டும் தகரத்தை எடுத்துடுங்க. அவங்க போனதும் நானே ஆள் வச்சுப் போட்டுத் தர்றேன். மத்தவங்க எல்லாம் ஒத்துக்கிட்டாங்க."

"அப்ப அவங்க வூட்டக் காட்டுங்க. என் வூட்டத் தாண்டிப் போங்க."

"டிசைனே அந்த முற்றம்தான். நீங்க அதைக் கெடுத்துட்டீங்க."

"என் மருமவள எங்க படுக்க வெப்பேன், உங்க காயிதத்துலயா?"

ஷிப்ட் முடிந்து வந்த மகன் கையைப் பிசைந்தான். "எம்மா, நான் கான்ட்ராக்ட்டுல இருக்கறவன். இன்னும் பர்மனென்ட் ஆவல. பெரிய எடத்த மொறச்சிகினு நிக்காத."

"நீ வேலைக்குப் போ. தகரத்துக்கு நான் இருக்கேன்."

நடுவர்கள் வந்த அன்று மற்ற முற்றமெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வடக்கத்தி ஆண்கள் இருவர், கைத்தறிப் புடவை கட்டிய சென்னை அம்மா ஒருத்தி. கட்டடக்கலைஞர் அவர்களை வேகமாகக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார். அந்த அம்மா என் வீட்டெதிரில் நின்றுவிட்டாள்.

"இது யார் போட்டதும்மா?"

"நான்தான்."

செருப்போடு உள்ளே போனார்கள். மருமகளின் கொசுவலையை ஒருவர் ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். இன்னொருவர் பானை சட்டியைப் படம் பிடித்தார். இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். அந்தத் தகரம் சித்திரையில் என்ன சூடு சுடும், எப்படித் தூங்குகிறீர்கள் என்று ஒரு வாய் கேட்கவில்லை.

"ரொம்ப அழகு" என்று அந்த அம்மா என் தோளைத் தட்டினாள்.

"அழகுக்குப் போடலம்மா. எடமில்லாமப் போட்டது."

அதற்கும் சிரித்தாள். பழஞ்சோறு போடுகிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

விருது வந்தது. பேப்பரில் என் வீட்டுப் படம், தகரத்தோடு. குடியிருப்பவர்களே வீட்டை நிறைவு செய்துகொள்ள இடம் விட்ட பரந்த மனசுக்காம் பரிசு. நடுவர்கள் அப்படிச் சொன்னார்களாம். இதைத்தான் ஆரம்பத்திலிருந்தே நினைத்து வரைந்தேன் என்று அவரும் பேட்டி கொடுத்திருந்தார். என்னோடு தங்கிப் படிக்கும் பேத்திதான் வாசித்துச் சொன்னாள். தகரத்தைத் திரும்பப் போட அவர் அனுப்புவதாகச் சொன்ன ஆள் வரவேயில்லை. மழையில் நனைந்து வரிசைக்காரர்களே போட்டுக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "இன்னாக்கா, உன் தகரத்துக்கு அவருக்கு மால போட்டாங்களாமே?"

"ஆமாண்டி. மால அவருக்கு, சூடு நமக்கு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எடுக்கச் சொன்னவர் அவர். எடுக்க மாட்டேன் என்றவள் நான். தேசத்துக்கே தீர்ப்புச் சொல்ல வந்த மூன்று பேரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அதனால் நானே எழுதிவிட்டேன். தாளைப் பேத்தியிடம் நீட்டினேன்.

"இந்தாடி, இதப் படி."

"மனசுக்குள்ளயா, ஆயா?"

"வாய் விட்டுப் படி. தெருவுக்கே கேக்கட்டும்."