எந்த வரி தப்பு?

அரசு மருத்துவமனையில் என் மருந்து கவுன்டருக்கு நேர் எதிரே எக்ஸ்ரே அறை. பதினான்கு வருடம் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது: "மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க. ம், விடுங்க." பலகையில் டெக்னீஷியன் என்று எழுதியிருந்தாலும் ஊரில் எல்லாருக்கும் அவர் எக்ஸ்ரே அக்காதான். டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். குள்ளமான ஆள். கதிர் படாமலிருக்கப் போடும் ஈய ஏப்ரனை மாட்டினால் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். "ஓட்டுக்குள்ள இருக்கிற ஆமை மாதிரி இல்ல?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஊருக்கு மேற்கே அனல்மின் நிலையம், இரண்டு புகைபோக்கிகளோடு. எரிந்த நிலக்கரியின் சாம்பலை லாரிகள் அள்ளிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே ஏரி மாதிரி வெட்டிய பள்ளத்தில் கொட்டும். காற்று திசை மாறும் மாதங்களில் கொடியில் காயும் துணியை உதறினாலே தும்மல் வரும். அதை நாங்கள் பெரிய குறையாக நினைத்ததில்லை. பாதி ஊருக்குச் சோறு போட்டது அந்த ஆலை. அக்காவின் கணவரே சாம்பல் லாரிதான் ஓட்டினார்.

அக்கா எடுத்த நெஞ்சுப் படங்களில் வெள்ளைப் பொட்டுகள் கூடிக்கொண்டே வந்தன. முதலில் ஒரு நோட்டில் குறித்து வைத்தார். எண்ணிக்கை நூறைத் தாண்டியதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு தலைமை மருத்துவரிடம் போனார். நான் அப்போது மருந்து இருப்புக் கணக்கில் கையெழுத்து வாங்க அங்கே நின்றிருந்தேன்.

"பீடி சிகரெட் பிடிக்கிறவங்களா இருப்பாங்கம்மா."

"இதுல முப்பத்தியோரு பேர் பொம்பளைங்க சார். ஒன்பது வயசுப் பொண்ணு ஒன்னு இருக்கு."

"நீங்க படம் எடுங்க. படிச்சுச் சொல்றதுக்கு ஆள் இருக்கு."

ஆள் இல்லை. படம் படிக்கும் டாக்டரின் பதவி ஆறு வருடமாகக் காலி. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

அந்த வாரம்தான் அக்கா இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினார். சனிக்கிழமைதோறும் அதில் சில வரிகள். பெயர் கிடையாது, முகம் கிடையாது, படம்கூடக் கிடையாது. "பெண், 38. ஆலைக்குக் கிழக்கே இரண்டாவது தெரு. வலது நுரையீரல்." அவ்வளவுதான். கோபமான ஒரு சொல் இருக்காது. ஆலையில் மூன்றாவது அலகு கட்டப்போவதாக அறிவிப்பு வந்ததும் ஜனங்கள் தேடிப்பிடித்துப் படிக்க ஆரம்பித்தார்கள். மூன்றே மாதத்தில் நாற்பதாயிரம் பேர். ஆலை வாசலில் நின்றவர்கள் கோஷம் எழுதிய அட்டைக்குப் பதிலாக அக்காவின் வரிகளை எழுதிப் பிடித்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை இந்த வரி வந்தது: "ஆண், 46. சாம்பல் லாரி ஓட்டுநர், பத்தொன்பது வருடம். இரண்டு நுரையீரலும்." அக்காவின் கணவர் லாரி வரிசையில் காத்திருக்கும்போது அதைப் படித்திருக்கிறார். இரண்டு வாரம் முன்புதான் இருமல் விடவில்லை என்று அக்காவே அவரை அழைத்துவந்து படம் எடுத்திருந்தார். படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை எடுக்கணும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டு வாசலில் நின்று கேட்டாராம்: "நாற்பதாயிரம் பேருக்குச் சொன்னே. எனக்குச் சொல்ல வாய் வரலையா?"

"எழுத வந்துச்சுங்க. சொல்ல வரல."

நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாவது நாள், "என் பேரையும் போட்டுடு. இனிமே ஒளிஞ்சு என்ன ஆகப்போகுது" என்றார். அக்கா போடவில்லை. யார் பெயரும் வரக் கூடாது என்பது முதல் நாளே வைத்த விதி, புருஷனுக்காக அதை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை அக்கா கைபேசியை நீட்டிக்கொண்டு என் கவுன்டருக்கு வந்தார். சட்டப்படியான கோரிக்கையின் பேரில் இந்தப் பக்கம் உங்கள் நாட்டில் காட்டப்படவில்லை என்று திரையில் இருந்தது.

"நெட்டு சரியில்லைன்னு நினைச்சேன் தம்பி. வெளிநாட்டுல இருக்கிற என் தங்கச்சிக்குத் தெரியுதாம். உலகத்துல யாரு வேணா பார்த்துக்கலாம், நாம மட்டும் பார்க்கக் கூடாது. நம்ம நுரையீரல!"

சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தடை உத்தரவின் நகல் கேட்டு மனுப் போட்டார். ரகசிய ஆவணம், வழங்க இயலாது என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தார். எட்டு வாரம் கழித்து, தலைநகரில் ஒரு குழு முன் ஆஜராகித் தன் தரப்பைச் சொல்லலாம் என்று கடிதம் வந்தது. கணவரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். நீள மேசை, மூன்று அதிகாரிகள், அவர்களில் ஒருவர் கைபேசியில். அங்கே நடந்ததை அக்கா என்னிடம் நடித்தே காட்டினார்.

"சார், எந்த வரி தப்பு? சொன்னீங்கன்னா நானே எடுத்துடறேன்."

"அதைச் சொல்ல முடியாதும்மா. உத்தரவு ரகசியம்."

"தப்பு எதுன்னு தெரியாம நான் எப்படிங்க அதை மறுக்கறது?"

"பொதுவா மறுக்கலாம்."

"பொதுவாவா?"

"ஆமா. பொதுவா மறுத்தீங்கன்னு பதிவு பண்ணிக்கறோம்."

வெளியே நடைவழியில் அவர் கணவர் இருமிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தவர் மணி அடித்து, சத்தம் வருகிறது, கதவைச் சாத்து என்றார். ஏழு நிமிடத்தில் விசாரணை முடிந்தது. தடை நீடிக்கும் என்று பிறகு ஒரு வரியில் கடிதம் வந்தது. அக்கா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

மூன்றாவது அலகுக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் பள்ளி மைதானத்தில் என்று தேதி குறித்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் மாவட்டம் முழுக்க இணையம் நின்றது. சட்டம் ஒழுங்கு என்றார்கள். மறுநாள் என் கவுன்டர் கணினிக்கும் இணைப்பு இல்லை. ஆன்லைன் சீட்டு இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது விதி. இன்சுலினுக்கு வந்த ஒரு கிழவியைத் திருப்பி அனுப்பினேன். பள்ளி மைதானத்தில் அறுநூறு பேருக்கு மேல் காத்திருந்தார்கள். மேடையும் இல்லை, ஒரு நாற்காலியும் இல்லை. கூட்டம் ஆலை அதிகாரிகளின் கிளப்புக்கு மாற்றப்பட்டிருந்தது, பதினோரு கிலோமீட்டர் தள்ளி. மாற்றத்தை முறைப்படி அறிவித்திருந்தார்கள், மாவட்ட இணையதளத்தில்.

விஷயம் தெரிந்து அக்காவும் கணவரும் பைக்கில் பறந்தார்கள். போய்ச் சேரும்போது கூட்டம் முடிந்து கிளப் ஊழியர்கள் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பு ஏதும் பதிவாகவில்லை என்று குறிப்பு எழுதியாகிவிட்டது. அக்கா திரும்பி வந்து மைதானத்தில் இருந்தவர்களிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். கெடு முடிந்தபின் கிடைத்ததால் ஏற்பதற்கில்லை என்று பதில்.

அதே மாதம் அக்காவைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். நோயாளிகளின் ரகசியத்தை வெளியிட்டது, மக்களைப் பீதிக்குள்ளாக்கியது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். துறை விசாரணைக்கு முதல் நாள் என்னிடம் வந்தார். உள்ளே வரவில்லை, நோயாளிகள் நிற்கும் பக்கமே நின்றார்.

"ஒரு கையெழுத்து தம்பி. பேர் எதுவும் வெளிய போகல, எக்ஸ்ரே பதிவேடு அறைய விட்டுப் போகல. உனக்குத் தெரிஞ்சத மட்டும் எழுதினாப் போதும்."

எனக்குத் தெரிந்ததுதான். தினம் சாயங்காலம் அந்தப் பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் கண்ணெதிரேதான் ஒப்படைப்பார். ஆனால் என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது தலைமை மருத்துவரின் மேசையில் இருந்தது.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேங்க்கா."

"சரி தம்பி. கேளு."

நான் வீட்டில் கேட்கவில்லை. அவரும் பிறகு வரவில்லை. யாரும் அவருக்காகச் சாட்சி சொல்லவில்லை. வேலை போனது. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அவர் கணவருக்கு ஆலைக்குள் நுழையும் அனுமதிச்சீட்டைப் புதுப்பிக்கவில்லை. சும்மா உட்கார்ந்த இரண்டாவது வருடம், எங்கள் ஆஸ்பத்திரி வார்டிலேயே இறந்தார். கடைசி ஒரு மாதம் அவருக்கான மருந்தை நானே படுக்கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீ எதுக்குப்பா அலையறே?" என்பார். சான்றிதழில் மூச்சுக் கோளாறு என்று எழுதினார்கள். சாம்பல் என்ற சொல் எங்கும் இல்லை. அக்கா அதைத் திருத்தச் சொல்லி மூன்று மனுப் போட்டார்.

இடையில் தேர்தல் வந்தது. அக்கா வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதைப் பார்த்தேன். ஆட்சி மாறியது. மூன்றாவது அலகு வேண்டாம் என்று எங்கள் ஊர்க்காரர்களோடு ஆலை வாசலில் நின்ற கட்சிக்காரர்களே வந்து அதன் ரிப்பனை வெட்டினார்கள். பக்கம் மூடியேதான் கிடந்தது. வழக்கில் அரசுத் தரப்பு வாய்தா வாங்கிக்கொண்டேயிருந்தது.

போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். பக்கத்து ஊரில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் வேலை. தலை முழுக்க நரைத்திருந்தது.

"பக்கம் திறந்திருக்கு தம்பி. மூடி மூன்றரை வருஷம் ஆச்சு. கடுதாசியும் இல்ல, உத்தரவும் இல்ல. செவ்வாக்கிழமை மத்தியானம் சும்மா தட்டிப் பார்த்தேன், வந்துடுச்சு."

"ஏன் திறந்தாங்களாம்?"

"ஏன் மூடினாங்கன்னே இன்னும் தெரியல. இத யார்கிட்ட போய்க் கேக்கறது?"

கைபேசியைக் காட்டினார். சனிக்கிழமை புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார். பெண், 27. மூன்றாவது அலகின் குடியிருப்பு. நாற்பதாயிரம் பேர் படித்த பக்கத்தை அந்த வாரம் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். "மறந்துட்டாங்க போல. பரவால்ல" என்றார். அவருடைய பேருந்து வந்தது, ஏறிப் போனார்.

வீட்டுக்குப் போய் நானும் அந்த வரியைப் படித்தேன். அடியில் விருப்பக்குறி இருந்தது. அழுத்தினால் என் பெயர் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுத்தாமல் மூடினேன்.